யாருடைய பன்னிரண்டு மணி

என் மருமகள் பன்னாட்டு உறவுகளில் முனைவர் பட்ட ஆய்வு செய்தாள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பொய். ஆய்வுதான் அவளைச் செய்தது. பல்கலைக்கழகத்துக்குள் நுழையும்போது கன்னம் இருந்தது, சிரிப்பு இருந்தது, இடுப்பைத் தொடும் கூந்தல் இருந்தது. முடிக்கும் தறுவாயில் ஒரு மூக்குக்கண்ணாடியும், அது கீழே விழாமல் இருக்க ஒரு மூக்கும்தான் மிச்சம். ஆய்வேட்டை அச்சடித்துக் கட்டிக் கொண்டுவந்த அன்று சாப்பாட்டு மேஜைமேல் வைத்தாள். மேஜை முனகியது. என் இரண்டு காதாலும் கேட்டேன்.

ஒரே ஆற்றைப் பங்கு போட்டுக்கொள்ளும் ஐந்து நாடுகள் சேர்ந்து ஓர் ஆணையம் வைத்திருக்கின்றன. அதில் ஓட்டெடுப்பு என்ற பேச்சே கிடையாது. பிறகு எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பதுதான் அவள் ஆராய்ச்சி.

"எப்படிம்மா எடுக்கறாங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"யாரும் வேண்டாம்னு சொல்லாத வரைக்கும் காத்திருப்பாங்க, மாமா. சொல்லலேன்னா எல்லாருக்கும் சம்மதம்னு எழுதிக்குவாங்க."

"நம்ம வீட்ல உங்க அத்தை டிவி சேனல் மாத்தற மாதிரியா?"

"அதே மாதிரிதான். அதை நானூறு பக்கத்துல சொல்லணும். அவ்வளவுதான் வித்தியாசம்."

அத்தை என்று நான் சொன்னது என் மனைவியை. அவள் அப்போது எங்களோடு இல்லை. என் பையனுக்கு வேறொரு நகரத்தில் வேலை கிடைத்து, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனான். பேத்தியைப் பார்த்துக்கொள்ள என் மனைவியும் கூடப் போனாள். மருமகள் படிப்பை முடித்துவிட்டு வருவது என்றும், அதுவரை அவளுக்குத் துணையாக நான் இருப்பது என்றும் ஏற்பாடு. எனக்குச் சமைக்கத் தெரியாது, அவளுக்குச் சாப்பிட நேரம் கிடையாது. இதைவிட உறுதியான கூட்டணியை எந்த இரண்டு நாடும் வைத்திருக்க முடியாது. கைக்குழந்தை இதற்குள் நடந்து, ஓடி, சைக்கிள் கேட்கிற வயதுக்கு வந்துவிட்டது. அம்மா என்றால் செல்போனுக்குள் இருக்கும் ஒரு முகம் என்றுதான் அதற்குப் பழக்கம்.

இப்படி இருக்கையில்தான் அந்த நகரத்திலேயே, என் பையன் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த ஒரு வெளியுறவு ஆய்வு நிறுவனம் மருமகளைத் தேர்ந்தெடுத்தது. ஒரே ஒரு நிபந்தனை. பட்டம் உறுதியாகிவிட்டது என்று துறையிலிருந்து ஒரு கடிதம் வெள்ளிக்கிழமை மாலைக்குள் வர வேண்டும். வந்தால் வேலை இவளுக்கு. வராவிட்டால் பட்டியலில் அடுத்திருப்பவருக்கு. வேலை கிடைத்தால் பிள்ளையோடு இருப்பாள். கிடைக்காவிட்டால், படிப்புக்கு வாங்கிய கடன் தீரும்வரை இங்கேயே பாடம் எடுத்துக்கொண்டு செல்போனுக்குள் இருப்பாள். விஷயம் அவ்வளவுதான்.

அந்தத் துறையைப் பற்றிச் சொல்லாவிட்டால் மேலே கதை நடக்காது. உலகத்தில் நாடுகள் எப்படிப் பழகுகின்றன என்று சொல்லிக்கொடுத்துச் சொல்லிக்கொடுத்து, அங்கிருந்த ஆறு பேராசிரியர்களும் ஆளுக்கொரு நாடாகவே மாறிவிட்டிருந்தார்கள். கூட்டத்தில் யார் எந்த நாற்காலி என்பது அகர வரிசை. அந்த வரிசை மாதா மாதம் சுழலும். கூட்டக் குறிப்பில் பெயரே இருக்காது, 'ஓர் உறுப்பினர் வருத்தம் தெரிவித்தார்' என்றுதான் இருக்கும். டீயா காபியா என்று கருத்தொருமை உண்டாவதற்குள் பால் திரிந்து போன கதையெல்லாம் உண்டு. ஒருமுறை அங்கே மின்விசிறியை எந்த எண்ணில் சுழல விடுவது என்று பேச ஆரம்பித்து, முடிவதற்குள் குளிர்காலம் வந்துவிட்டதாம். மருமகள் சொல்லிக் கேட்டேன். அவள் சொன்னதில் கொஞ்சம் மசாலா நான் சேர்த்தது.

இந்த ஆறு நாடுகளில் மூன்றை நீங்கள் தெரிந்துகொண்டால் போதும். முதலாவது, மருமகளின் நெறியாளர். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் சமாதானம். ஈ பறந்தாலும் அதற்கு வழிவிட்டு நடக்கிற மனுஷன். மற்றவர் மனம் புண்படக்கூடாது என்று வணக்கத்தைக்கூடப் பாதி சத்தத்தில் சொல்வார். இரண்டாவது, அவருக்கு நேர் எதிர். பெயர் இறையாண்மை. தன் அறை வாசலில் நின்று யாராவது பேசினால் எல்லை மீறல் என்பார். மூன்றாவது துறைத்தலைவி. முகத்தில் எப்போதும் ஓர் அவசரநிலைப் பிரகடனம்.

வாய்மொழித் தேர்வுக்கு நானும் போனேன். வெளியார் யாரும் வந்து பார்க்கலாம். பின்வரிசையில் எனக்குக் கொடுத்த நாற்காலியில் ஒரு அட்டை ஒட்டியிருந்தது: 'பார்வையாளர். பேசும் உரிமை இல்லை.' நான் வானொலியில் ஆயுள் முழுக்க அறிவிப்பாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் தொழிலில் இரண்டு மூச்சு நேரம் சத்தம் வராவிட்டால் நிலைய இயக்குநர் மாடிப்படிகளைத் தொடாமலே கீழே வந்துவிடுவார். என்னைப் போய் இப்படி உட்கார வைத்தால்? வாயை ஒரு கையாலும் அந்தக் கையை இன்னொரு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மருமகள் வெளுத்து வாங்கினாள். கேள்விகள் நாலாபுறமும் வந்து விழுந்தன, அவள் ஒவ்வொன்றையும் பிடித்து மடித்து இஸ்திரி போட்டுத் திருப்பிக் கொடுத்தாள். கடைசியில் இறையாண்மையே, "என் எல்லைக்குள் வந்து என்னையே ஒத்துக்கொள்ள வைத்துவிட்டீர்கள்" என்று சொல்லிக் கைதட்டினார். ஆறு பேரும் கைதட்டினார்கள். சமாதானம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதற்காகப் பக்கத்தில் இருந்தவரிடம் மன்னிப்பும் கேட்டார்.

"அப்போ பட்டம் கையில வந்தாச்சு!" என்றேன் வெளியே வந்து.

"இல்ல மாமா. இனிமேதான் மௌனம்."

மௌனம் என்றால் சாதாரண மௌனம் இல்லை. மௌன நடைமுறை. பெரிய பெரிய உலக சபைகளில் இருக்கிறதாம். ஒரு வரைவை எல்லோருக்கும் அனுப்புவார்கள். இன்ன நேரம் வரை யாரும் வாய் திறக்காவிட்டால் நிறைவேறியது என்று அர்த்தம். அதையே இந்தத் துறையும் வைத்திருந்தது. தலைவி தேர்வு அறிக்கையை ஆறு பேருக்கும் மின்னஞ்சலில் அனுப்புவார். குறித்த நாள் பகல் பன்னிரண்டு மணி வரை ஒருவரும் ஒரு எழுத்துக்கூட எழுதக்கூடாது. எழுதினால் மௌனம் கலைந்தது. முன்பெல்லாம் 'சம்மதம், ஆனால்' என்று எழுத ஆரம்பிப்பார்களாம். அந்த ஆனாலுக்குப் பின்னால் பல பிள்ளைகளின் வாழ்க்கை மாசக்கணக்கில் போய்ச் சிக்கிக்கொண்டதைப் பார்த்து, மனசு பொறுக்காமல் நம் சமாதானம்தான் இந்த விதியைத் தன் கைப்பட எழுதினார்.

"எழுதவே கூடாதா? நல்லதா நாலு வார்த்தைகூடவா?"

"நல்லது எது கெட்டது எதுன்னு யார் முடிவு பண்றது? அதான் எதுவுமே கூடாதுன்னு வச்சுட்டார்."

"மௌனம் சம்மதம்னு நம்மாளுங்க என்னைக்கோ சொல்லிட்டாங்களே."

"கல்யாணப் பொண்ணுக்குச் சொன்னாங்க, மாமா. பேராசிரியருங்களுக்கு இல்ல."

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணி என்று நேரம் குறித்தார்கள். அடித்தால் கடிதம் தயார். மாலைக்குள் நிறுவனத்துக்குப் போய்விடும். இடையில் வந்த நாட்களில் எங்கள் வீட்டில் நிலவிய அமைதியை எப்படிச் சொல்வேன்! குக்கர்கூட விசிலை உள்ளேயே விழுங்கிக்கொண்டது. பல்லி ஒன்று சொல்ல வாயெடுத்து, மருமகள் பார்த்த பார்வையில் அப்படியே சுவரை விட்டு இறங்கிப் போய்விட்டது. சமாதானம் இதற்கிடையில் ஒரு மாநாட்டுக்காகக் கிழக்கே ஒரு தூரதேசத்துக்குப் போனார். போகும்போது மருமகளிடம், "நான் செல்போனைத் தொடவே மாட்டேம்மா. தொட்டா கை தவறிடும். பன்னிரண்டு அடிச்சதும் முதல் வாழ்த்து என்னோடதுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை காலையில் கடிதத்தைக் கையோடு வாங்கிவிடலாம் என்று சீக்கிரமே துறைக்குப் போய்விட்டோம். அலுவலகம் அப்போதுதான் திறந்திருந்தது. பெருக்குகிற அம்மா எங்களைச் சுற்றிப் பெருக்கினார். மருமகள் சுவர்க் கடிகாரத்தின் கீழே பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் நின்றேன்.

தலைவியின் அறையிலிருந்து 'ணங்' என்று ஒரு சத்தம். மின்னஞ்சல் வந்த சத்தம்.

ஒரு மணியோசைக்கு இத்தனை கனம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கட்டடம் ஒரு சாண் கீழே இறங்கியது. தலைவி வெளியே வந்தார். முகத்தில் அவசரநிலை போய் யுத்தமே வந்திருந்தது. கையில் செல்போன். அதை மருமகளிடம் நீட்டினார்.

சமாதானம் எழுதியிருந்தார், ஆறு பேருக்கும். கடிதம் எவ்வளவு நீளம் என்கிறீர்கள், மருமகள் அதைத் தள்ளித் தள்ளியே அவள் கட்டைவிரல் தேய்ந்தது. 'மகிழ்ச்சியில் எனக்கு வார்த்தைகள் வரவில்லை' என்று ஆரம்பித்து அதற்கப்புறம் ஓராயிரம் வார்த்தைகள். இவள் அறிவு, இவள் உழைப்பு, பிள்ளையைப் பிரிந்து பட்ட பாடு, இனி தாயும் சேயும் சேரப்போகும் ஆனந்தம். கடைசியில் 'வாழ்த்துகள், வாழ்த்துகள், வாழ்த்துகள்.'

"இங்க இன்னும் ஒன்பதுகூட ஆகலையே" என்றேன்.

"அவர் இருக்கற ஊர்ல பன்னிரண்டு ஆயிடுச்சு" என்றாள் மருமகள்.

பன்னிரண்டு மணி என்று எழுதியவர்கள் யாருடைய பன்னிரண்டு மணி என்று எழுதவில்லை. உலகத்தையே கரைத்துக் குடித்த ஆறு பேர்! கண்டங்கள், கடல்கள், எல்லைக்கோடுகள் என்று விரல் நுனியில் வைத்திருக்கிறவர்கள்! சூரியன் எல்லா ஊரிலும் ஒரே நேரத்தில் உச்சிக்கு வராது என்பது மட்டும் ஒருத்தருக்கும் நினைவுக்கு வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் மற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள். கூட்ட அறைக் கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள், நானும் மருமகளும் வாசலில் நின்றோம். இறையாண்மை விதித்தாளை எடுத்துக் கண்ணுக்கு அருகில் வைத்துக்கொண்டார். தீர்ந்தது என்று நினைத்தேன். அந்த மனுஷன் என்ன சொன்னார் தெரியுமா?

"ஒவ்வொருவரும் அவரவர் இருக்கும் மண்ணின் நேரத்துக்குக் கட்டுப்பட்டவர். அவருடைய பன்னிரண்டு மணி அவருக்கு. அதற்குமேல் அவர் எழுதினால் அது மௌனத்தைக் கலைத்ததாகாது. இது என் உறுதியான நிலைப்பாடு."

எனக்கு அவர் காலில் விழலாமா, கட்டிப்பிடிக்கலாமா என்று தோன்றியது. எல்லை மீறல் என்பாரோ என்று பயந்து இரண்டையும் செய்யவில்லை. மற்ற மூன்று பேரும் தலையாட்டினார்கள். தலைவி முகத்தில் முதல்முறையாக மக்களாட்சி திரும்பியது. மருமகள் என் கையைப் பிடித்தாள். பிடித்த பிடியில் என் மோதிரம் சதுரமாகிவிட்டது.

"அப்போ அனுப்பிய நேரத்தை மட்டும் சரிபார்த்துப் பதிவு செய்துவிடலாம்" என்றார் தலைவி. பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார்.

அங்கே பதினொன்று ஐம்பத்தைந்து.

சமாதானம் எங்கேயும் தாமதமாகப் போய் யார் மனதையும் நோகடிக்கக்கூடாது என்று கைக்கடிகாரத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்திருக்கிற மனுஷன். அது அவர் பிறவிக் குணம். செல்போனைத்தான் தொடமாட்டேன் என்று சபதம் போட்டிருந்தாரே, கைக்கடிகாரத்தை நம்பி மாநாட்டுக் கணினியில் உட்கார்ந்து அனுப்பியிருக்கிறார். எந்த ஊர்ப் பன்னிரண்டு மணிக்கும் முந்திக்கொண்டு வந்த வாழ்த்து அது.

இறையாண்மை விதித்தாளை மேஜையில் வைத்தார். "என்னால் இதற்குமேல் முடியாது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சுவது போலச் சொன்னார்.

தலைவி போன் போட்டார். ஒலிபெருக்கியில் சமாதானத்தின் குரல். தலைவி நடந்ததைச் சொன்னார்.

"நான் வாபஸ் வாங்கிக்கிறேன். இப்பவே. எழுதித் தரேன். என்ன வேணும்னாலும் தரேன்" என்றார்.

"போனிலும் கடிதத்திலும் வாபஸ் வாங்க முடியாது" என்றார் தலைவி. "மௌனத்தைக் கலைத்தவர் நேரில் வந்து குழுமுன் தன் ஆட்சேபத்தை விளக்கித்தான் வாபஸ் வாங்க வேண்டும். ஒன்பதாம் பிரிவு."

"யாரு எழுதினா அதை?"

எல்லோரும் ஒலிபெருக்கியையே பார்த்தார்கள்.

"நான்தான்" என்று அவரே சொல்லிக்கொண்டார். "போன்ல மிரட்டி யாரையும் வாபஸ் வாங்க வைக்கக் கூடாதுன்னு எழுதினேன். ஐயோ, நல்லதுக்குத்தான எழுதினேன்."

"சார், நீங்க எப்ப வர முடியும்?" என்று மருமகள் வாசலில் நின்றபடியே கேட்டாள்.

"விமானம் நாளை மறுநாள்தாம்மா."

நான் பொறுத்தது போதும் என்று உள்ளே போனேன். "மேடம், பேசும் உரிமை இல்லைதான். இருந்தாலும் கேக்கறேன். இங்க யாராவது இந்தப் பொண்ணுக்குப் பட்டம் கூடாதுன்னு சொல்றீங்களா?"

"இல்லையே" என்றார்கள் எல்லோரும் ஒரே குரலில். அந்தத் துறை கருத்தொருமை கண்டது சரித்திரத்திலேயே அன்றுதான் முதல்முறையாக இருக்கும்.

"அப்புறம் என்ன? ஒரு கடிதத்தைத் தட்டிக் கொடுங்க, மகராசியா இருப்பீங்க."

"கொடுக்கலாம்" என்றார் தலைவி. "நாளைக்கு இது முறைப்படி நடக்கலைன்னு யாராவது ஒரு மனு போட்டா, போறது என் வேலை இல்லைங்க. உங்க மருமகளோட பட்டம். எதிர்ப்பு யாராவது சொல்லியிருந்தா பேசிப் பார்த்திருப்பேன், சமாதானப்படுத்தியிருப்பேன். வாழ்த்தை எப்படிங்க சமாதானப்படுத்தறது?"

எதிரி இருந்தால் சண்டை போடலாம். அங்கே இருந்தவர்கள் அத்தனை பேரும் எங்கள் பக்கம். ஒருத்தர் தண்ணீர் கொடுத்தார், ஒருத்தர் நாற்காலி போட்டார், இறையாண்மை தன் அறையையே திறந்துவிட்டு, உள்ளே போய் உட்காரச் சொன்னார்.

அந்த அறையில் உட்கார்ந்துதான் மருமகள் ஆய்வு நிறுவனத்துக்கு போன் செய்தாள். எடுத்தது அங்கே நிர்வாகம் பார்க்கும் ஒரு பெண்மணி. மருமகள் நடந்ததை நடந்தபடியே சொன்னாள்.

"வாழ்த்துச் சொன்னதால தள்ளிப்போச்சா?" என்றார் அந்தப் பெண்மணி.

"ஆமாங்க."

"நான் நம்பறேங்க. ஆனா இதை எங்க குழுகிட்ட எப்படிச் சொல்றது? சிரிச்சுடுவாங்க. சாயங்காலம் கூடறாங்க. கடிதம் இருந்தா உங்க பேரு. இல்லேன்னா அடுத்தவங்க பேரு. அவங்களும் ரொம்ப நாளா காத்திருக்காங்க."

"திங்கட்கிழமை வரைக்கும் ஒரு..."

"என் கையில இருந்தா இப்பவே சரின்னு சொல்லியிருப்பேம்மா."

மருமகள் நன்றி சொல்லி வைத்தாள். அழவில்லை. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். கண்ணாடி இல்லாமல் அவளுக்கு ஜன்னலே தெரியாது. நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். வானிலை அறிக்கைதான் வந்தது. "மழை வரும்போல இருக்கும்மா" என்றேன். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

"ஆமாம் மாமா" என்றாள்.

மாலையில் நிறுவனத்திலிருந்து இரண்டு வரி வந்தது. வருத்தம் ஒரு வரி, எதிர்காலத்துக்கு நல்வாழ்த்து ஒரு வரி.

திங்கட்கிழமை சமாதானம் விமான நிலையத்திலிருந்து நேரே துறைக்குப் போய், குழுவின் முன் நின்று, தன் ஆட்சேபம் என்னவென்றால் வாழ்த்துகள் என்று விளக்கி, அதை முறைப்படி வாபஸ் வாங்கினார். பட்டம் உறுதியானது. இந்த முறை ஒருத்தரும் வாழ்த்துச் சொல்லவில்லை. பயம்.

அங்கிருந்து பெட்டியை இழுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். செருப்பை வாசலுக்கு வெளியே, இன்னும் வெளியே, கிட்டத்தட்ட அடுத்த வீட்டு வாசலில் கழற்றினார். உட்காரச் சொன்னோம். நாற்காலி நுனியில், அதற்கு வலிக்கக் கூடாது என்பது போல உட்கார்ந்தார்.

"என்னைத் திட்டிடும்மா" என்றார். "வாய்க்கு வந்தபடி திட்டு. நான் கேட்டுக்கறேன்."

நான் தயாராக இருந்தேன். மூன்று நாளாக வார்த்தைகளைத் தீட்டி அடுக்கி வைத்திருந்தேன். என் குரலுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை, நாலு தெரு கேட்கும். "சார்..." என்று ஆரம்பித்தேன்.

"மாமா, அடுப்புல பாலு" என்றாள் மருமகள். அடுப்பில் பால் ஒன்றும் இல்லை. அவள் பார்த்த பார்வைக்குத்தான் நான் எழுந்து போனேன். சமையலறைக்குள் நின்றுதான் எனக்கு உறைத்தது. அடுத்த வேலை எங்கே காலியானாலும், இவளைப் பற்றி எழுதிக்கொடுக்க வேண்டியவர் இந்த மனுஷன்தான். இவர் எழுத்து இல்லாமல் எந்தக் கதவும் திறக்காது. எழுதவே கூடாத நேரத்தில் எழுதிய அதே கைதான் இனியும் எழுத வேண்டும்.

"பரவாயில்ல சார்" என்று வெளியே அவள் குரல் கேட்டது. "நீங்க வேணும்னேவா செஞ்சீங்க? அடுத்த இடம் எப்ப வரும் சார்?"

"ரெண்டு வருஷத்துல ஒருத்தர் ஓய்வு பெறுறார்னு கேள்வி. உறுதியில்லம்மா. வந்தா நான் முதல் ஆளா எழுதித் தரேன். கேட்டுட்டுத்தான் எழுதுவேன்."

"சரிங்க சார்."

இல்லாத பாலைக் காய்ச்சி முடித்து, டீ போட்டு எடுத்துக்கொண்டு போனேன். டம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். குடிக்கவில்லை. கூடத்தைச் சுற்றிப் பார்த்தவர், சுவரில் இருந்த பேத்தியின் படத்தைப் பார்த்துவிட்டார்.

"பாப்பா எப்படிம்மா இருக்கா? நல்லா வளர்ந்திருப்பாளே?"

"வளர்ந்திருப்பா சார்" என்றாள் மருமகள். "வீடியோவுல பார்த்தா உயரம் தெரியறதில்ல."